தேனீக் குடும்பத்தைப் பிரித்தலும் இராணியை அளித்தலும்

தேனீ வளர்க்கும் அங்கத்தினர் ஒருவர், வலுவான குடும்பமொன்றிலிருந்து மூன்று அடைகளை எடுத்துப் புதிய பெட்டியில் வைத்துவிட்டால், தம்மிடம் இப்பொழுது இரண்டு குடும்பங்கள் இருப்பதாகக் கருதிக்கொள்வது இயல்பு. உண்மையில் அவரிடம் இருப்பவை ஒரு குடும்பமும், ஒரு பெட்டித் தேனீக்களுமேயாம். பின்னதில் முட்டையிடும் இராணியொன்று நிலைபெறும் வரையில் அது குடும்பம் ஆகாது. அந்த இராணி கிடைப்பதைத் தற்செயலுக்கு விட்டுவிடாமல், பிரிக்கும் நாளுக்கு முன்னரே ஆயத்தம் செய்துகொள்வது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

இப்பாடத்தை நான் ஒரு தணிக்கையின்போது கற்றேன். கூட்டுறவு ஆய்வாளனாகப் பணியேற்ற முதல் ஆண்டில், பெட்டிகள் வாங்கச் சங்கக் கடன் பெற்ற அங்கத்தினர் ஒருவரின் தோட்டத்தைப் பார்வையிடச் சென்றிருந்தேன். முந்திய ஆண்டில் 6 ஆக இருந்த பெட்டிகள் 15 ஆகியிருந்தன. மகிழ்ச்சியுடன் அத்தொகையை ஏட்டில் குறித்து, கடன் நன்முறையில் பயன்பட்டிருக்கிறது என்றும் எழுதி ஒப்பமிட்டேன். ரப்பர்ப் பருவம் முடிந்து சங்கத்தில் தேன் அளக்கும் நாள் வந்தபொழுது, அவர் கொண்டுவந்தது நான்கு பெட்டிகளின் தேனே. ஏனைய பெட்டிகளில் சில வெறுமையாயின. சிலவற்றில் அடைகளை மெழுகுப்பூச்சி தின்றுகொண்டிருந்தது. அவர் என்னிடம் சினம் கொள்ளவில்லை. “சார், அன்று ஒரு பெட்டியையாவது திறந்து பார்த்திருக்கலாமே” என்று மட்டும் சொன்னார். நான் பெட்டிகளை எண்ணினேனேயன்றி இராணிகளை எண்ணவில்லை என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. அவருடைய கடன் தவணையோ மாறாமல் நின்றது.

இராணியின் இடம்

நம் பகுதியில் பெட்டிகளில் வளர்க்கப்படுவது பெரும்பாலும் இந்தியத் தேனீயே. அதற்கு ஏற்றதாகத் தென்னிந்தியாவில் 1911 முதல் 1917 வரை கிராம மக்களுக்குத் தேனீ வளர்ப்பைப் பயிற்றுவித்த பாதிரியார் நியூட்டன் அமைத்த பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அதன் கீழறையில் 7 சட்டங்கள் உள்ளன. 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் மார்த்தாண்டத்தில் நடத்திய கிராமப் பணியின் மூலம் இத்தொழில் குமரிப் பகுதியில் வேரூன்றியது.

ஒரு குடும்பத்தில் முட்டையிடும் இராணி ஒன்றே உண்டு. வேலைக்காரத் தேனீக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். பருவத்தில் ஆண் தேனீக்களும் சேர்ந்திருக்கும். இராணி என்னும் பெயர் இருப்பினும் அது ஆள்வதில்லை. அது குடும்பத்தின் தாய். அதன் உடலிலிருந்து சுரக்கும் மணம் குடும்பம் முழுவதும் பரவி, ‘தாய் இருக்கிறாள்’ என்பதை ஒவ்வொரு தேனீக்கும் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அம்மணம் அற்றுப்போன சில மணி நேரத்திற்குள் குடும்பத்தில் அமைதியின்மை தோன்றிவிடும்.

இராணியும் வேலைக்காரத் தேனீயும் ஒரே வகை முட்டையிலிருந்து தோன்றுவனவே. வேற்றுமையை உண்டாக்குவது உணவு. இளம்புழுக்கள் யாவும் தொடக்கத்தில் செவிலித் தேனீக்கள் சுரக்கும் கூழையே பெறுகின்றன. பின்னர் வேலைக்காரத் தேனீயாகும் புழுவிற்கு உணவு மாற்றப்படுகிறது. இராணியாகும் புழுவோ இறுதிவரை அரசக்கூழிலேயே மிதந்து வளர்கிறது. வேலைக்காரத் தேனீக்குரிய இளம்புழுவிலிருந்து இராணியை உண்டாக்க முடியும் என்பதைச் சாக்ஸனி நாட்டுப் போதகர் ஷிராக் 1760-களில் சோதனையால் காட்டினார். குடும்பத்தைப் பிரிக்கும் தொழில் முழுவதும் இவ்வொரு உண்மையின்மீது நிற்கிறது. ஆயினும், ‘தேனீக்கள் தாமே இராணியை உண்டாக்கிக்கொள்ளும்; நமக்கென்ன வேலை?’ என்று அங்கத்தினர் சிலர் இருந்துவிடுவதற்கும் இதுவே காரணமாகிறது.

நாட்கணக்கு

அவ்வாறு இருந்துவிடுவதால் நேரும் இழப்பை நாட்கணக்காகப் பார்த்தல் நலம். இந்தியத் தேனீயின் இராணி, முட்டையாக 3 நாட்கள், புழுவாக 5 நாட்கள், மூடிய அறைக்குள் 7 அல்லது 8 நாட்கள் என ஏறக்குறைய 15, 16 நாட்களில் வெளிவருகிறது. வெளிவந்த கன்னி இராணி முதிர்ந்து, பறந்து சென்று, பல ஆண் தேனீக்களுடன் கூடித் திரும்பி முட்டையிடத் தொடங்க மேலும் 10 நாட்கள் வரை ஆகும்.

தாயற்ற பாதியை அப்படியே விட்டுவிட்டால், தேனீக்கள் இளம்புழுவொன்றைத் தெரிந்தெடுத்து வளர்த்து, இராணி வெளிவந்து முட்டையிடுவதற்குள் 22 நாட்களேனும் கடந்துவிடும். முதிர்ந்த இராணி அறையொன்றை நாம் அளித்தால் 12 நாட்களில் முட்டையைக் காணலாம். முட்டையிட்டுக்கொண்டிருக்கும் இராணியையே அளித்தால் மூன்று நான்கு நாட்கள் போதும். நாளொன்றுக்கு 300 முட்டை என்று குறைவாகவே கணக்கிட்டாலும், 10 நாட்கள் தாமதம் 3,000 தேனீக்களின் இழப்பாகும். சிறு குடும்பத்திற்கு இது பேரிழப்பு. பாவில் இழை அறுந்தால் நெசவாளர் அதை முடிந்த பின்னரே தறியை மேலே ஓட்டுகிறார். இங்கும் அதுவே முறை.

எப்பொழுது பிரிப்பது?

குமரி மாவட்டத்தின் ரப்பர்ப் பகுதியை எடுத்துக்கொள்வோம். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர்க்கும்பொழுது, அதன் இலைக்காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகளிலிருந்து இனிய நீர் கசிகிறது. ஜனவரியில் தொடங்கும் இதுவே அங்குப் பெருந்தேன் வரத்து. ஜூன் முதல் ஆகஸ்டு வரை பஞ்ச காலம். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை குடும்பம் வளரும் காலம். பிரிப்பதற்குரியது இவ்வளர்ச்சிக் காலமே.

முட்டை, வேலைக்காரத் தேனீயாக வெளிவர ஏறக்குறைய 20 நாட்கள். வெளிவந்த தேனீ கூட்டினுள் புழுக்களைப் பேணியும் அடை கட்டியும் ஏறக்குறைய 20 நாட்கள் கழித்த பின்னரே தேன் தேடப் புறப்படும். ஆகவே ஜனவரி 15-ஆம் நாள் வயலுக்குச் செல்லவேண்டிய தேனீயின் முட்டை டிசம்பர் 6-ஆம் நாளில் இடப்பட்டிருக்கவேண்டும். அதற்கு, முதிர்ந்த இராணி அறையை அளிப்பவர் நவம்பர் 24-க்குள்ளும், தேனீக்களின் பொறுப்பில் விடுபவர் நவம்பர் 14-க்குள்ளும் பிரித்திருக்கவேண்டும். இது குறைந்த அளவு கணக்கு. வடகிழக்குப் பருவமழை இராணி பறப்பதைத் தடுக்கக்கூடுமாதலால், இன்னும் 10 நாட்கள் முன்னதாகவே முடிப்பது அறிவுடைமை. பிற பகுதி அங்கத்தினர்கள் தத்தம் ஊரின் தேன் வரத்து நாளை வைத்து இவ்வாறே பின்னோக்கி எண்ணிக்கொள்ளலாம்.

காலத்தோடு மற்றும் மூன்று அடையாளங்கள் பொருந்தவேண்டும். கீழறையின் ஏழு சட்டங்களிலும் தேனீக்கள் நெருங்கி மூடியிருக்கவேண்டும். மகரந்தம் தடையின்றி வந்துகொண்டிருக்கவேண்டும். ஆண் தேனீக்கள் இருக்கவேண்டும். மூடியில் சிறு துளையுடன் கூடிய அறைகளைக் கண்டால் ஆண் தேனீக்கள் உருவாகின்றன என்று அறியலாம். ஆண் தேனீ இல்லாத காலத்தில் தோன்றும் இராணி கூடப்பெறாமல், ஆண் முட்டைகளை மட்டுமே இடுவதாகிவிடும்.

தாயைத் தெரிதல்

புதிய இராணியை எந்தக் குடும்பத்திலிருந்து உண்டாக்குகிறோம் என்பதில் அலட்சியம் கூடாது. 1991, 1992-ஆம் ஆண்டுகளில் ‘தாய் சாக் புரூட்’ என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவி, புழுக்களை நீர் நிறைந்த பைபோலாக்கிக் கொன்று, எண்ணற்ற குடும்பங்களை அழித்தது. அந்நோய்க்குத் தப்பிய குடும்பங்களைப் பெருக்கியே தொழில் மீண்டும் தலையெடுத்தது. அந்நோய் முற்றும் ஒழிந்துவிடவில்லை. ஆதலால் நோய்க்குறி இல்லாத, தேன் மிகுதியாகத் தரும், சாந்தமான, அடிக்கடி கூட்டை விட்டு ஓடாத குடும்பமே தாய்க் குடும்பமாகத் தக்கது. அதன் புழு அடையில் இடையிடையே வெற்றறைகள் இல்லாமல் மூடிகள் தொடர்ச்சியாக இருத்தல் வேண்டும்.

இராணி அறைகளைப் பெறும் வழிகள்

இராணி அறை என்பது அடையின் விளிம்பில் கீழ்நோக்கித் தொங்கும், விரல்நுனி போன்ற தனி அறை. அதைப் பெறுவதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, இயற்கையாகக் கட்டப்படுவனவற்றைப் பயன்படுத்துதல். குடும்பம் நிறைந்து தானே பிரிந்து செல்ல முற்படும்பொழுது அடையின் அடிவிளிம்பில் பல இராணி அறைகளைக் கட்டும். இவை நன்கு ஊட்டப்பட்டவை. ஆனால் பிரிந்தோடும் இயல்புடைய குடும்பத்திலிருந்தே எப்பொழுதும் இவற்றை எடுத்துவந்தால், அவ்வியல்பையே பெருக்கியவர்களாவோம்.

இரண்டாவது, சிறு அளவில் வளர்ப்போருக்கு மிகவும் ஏற்ற வழி. தெரிந்தெடுத்த தாய்க் குடும்பத்தின் இராணியை இரண்டு அடைகளுடன் சிறு பெட்டியொன்றில் தனியே வைத்துவிடவேண்டும். தாயை இழந்த பெரும்பகுதி, இளம்புழுக்களைச் சுற்றி இராணி அறைகளைக் கட்டத் தொடங்கும். மாலைதோறும் சிறிது சர்க்கரைப் பாகு அளிக்கவேண்டும். மூன்றாம் நாள் முடிவில் அடைகளைப் பார்த்து, அதற்குள் மூடப்பட்டுவிட்ட இராணி அறைகளை அழித்துவிடுக. அவை வயது மிகுந்த புழுக்களிலிருந்து உண்டானவை. அவற்றிலிருந்து வரும் இராணிகள் சிறுத்துப் பயன் குன்றியிருக்கும். எஞ்சியவை ஒன்பதாம் நாளில் மாற்றுவதற்குத் தக்க நிலையை அடையும். அதற்கு மேல் தாமதித்தல் கூடாது. முதலில் வெளிவரும் இராணி, மற்ற அறைகளைத் துளைத்து அழிக்க முற்படும். தேவையானவற்றை எடுத்துக்கொண்டபின், தனியே வைத்த தாய் இராணியை முறைப்படி திரும்பச் சேர்க்கலாம்.

மூன்றாவது, புழு மாற்றும் முறை. அமெரிக்கரான டூலிட்டில் 1889-இல் வெளியிட்ட நூலின்மூலம் இது பரவலாயிற்று. தேன்மெழுகால் சிறு கிண்ணங்கள் செய்து, ஒரு நாளுக்கு உட்பட்ட புழுக்களை மெல்லிய ஊசியால் அவற்றுள் மாற்றி, தாயற்ற வலுவான குடும்பத்தில் வளர்க்கவேண்டும். மாற்றிய ஒன்பது, பத்தாம் நாளில் அறைகள் முதிரும். இந்தியத் தேனீக்கு வேண்டிய கிண்ணம், ஐரோப்பியத் தேனீக்கு உரியதைவிடச் சிறியது. இதற்குக் கூரிய கண்ணும் நடுங்காத கையும் வேண்டும். நூறு பெட்டி வைத்திருப்போருக்கும், அங்கத்தினர்களுக்காகச் சங்கமே இராணி வளர்க்கும் இடத்திற்கும் இது பொருந்தும்.

பிரிக்கும் முறை

மழையில்லாத நாளில், வெயில் ஏறுமுன் அல்லது பிற்பகலில் பிரிக்கலாம். இராணி எந்த அடையில் இருக்கிறது என்பதைக் கண்டறிதல் முதல் வேலை. அதை அறியாமல் அடைகளை மாற்றுவது, கணக்கை எழுதாமல் பணத்தை மாற்றுவது போன்றது.

புதிய பெட்டியைப் பழையதன் அருகில் வைத்து, புழு அடைகளையும் உணவு அடைகளையும் மேலிருக்கும் தேனீக்களோடு இரண்டிற்கும் பகிர்க. மூடிய புழுக்கள் மிகுந்த அடைகளைத் தாயற்ற பகுதிக்குக் கொடுத்தல் நலம். அவற்றிலிருந்து விரைவில் தேனீக்கள் வெளிவந்து வலுச் சேர்க்கும். பின்பு பழைய பெட்டி இருந்த இடத்திற்கு இருபுறமும் ஓரடித் தொலைவில் இரு பெட்டிகளையும் வைக்கவேண்டும். வெளியிலிருந்து திரும்பும் தேனீக்கள் இரண்டிலும் பிரிந்து சேரும். ஒன்றில் கூட்டம் மிகுந்தால் அதைச் சற்று அப்பால் நகர்த்துக. வாயிலைச் சிறிதாக்குக; இல்லையேல் பிற குடும்பத்துத் தேனீக்கள் வந்து தேனைக் கொள்ளையிடும். தாங்கியின் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்தி எறும்பைத் தடுக்கவேண்டும். ஒரு குடும்பத்தை ஒரு பருவத்தில் ஒரு முறைக்குமேல் பிரித்தல் ஆகாது.

இராணி அறையை அளித்தல்

பிரித்த மறுநாள், தேனீக்கள் தாயின்மையை நன்கு உணர்ந்தபின், இராணி அறையை அளிக்கவேண்டும். முதிர்ந்த அறையின் நுனியில் தேனீக்கள் மெழுகைச் சுரண்டிவிடுவதால் அது பழுப்பாகத் தோன்றும். சுற்றிலும் ஓரங்குல அடையோடு கூரிய கத்தியால் அதை வெட்டி எடுக்கவேண்டும். தலைகீழாக்குதல், குலுக்குதல், விரலால் அழுத்துதல், வெயிலில் வைத்தல் யாவும் உள்ளிருக்கும் இராணியை ஊனப்படுத்தும். நுனி கீழ்நோக்கியபடியே, புழுக்கள் உள்ள இரு அடைகளுக்கு நடுவே, தேனீக்கள் நெருங்கி வெப்பமாக இருக்கும் இடத்தில் பொருத்துக. அதற்குமுன், அப்பகுதித் தேனீக்கள் தாமே கட்டத் தொடங்கிய இராணி அறைகள் இருப்பின் நீக்கிவிடுக.

மூன்றாம் நாள் மெதுவாகத் திறந்து பார்க்கவேண்டும். நுனி வட்டமாக வெட்டப்பட்டு மூடிபோல் தொங்கினால் இராணி நலமாக வெளிவந்தது என்று பொருள். பக்கவாட்டில் துளை இருப்பின் அது கொல்லப்பட்டது. வேறோர் அறையை அளிக்கவேண்டும். நலமாக வெளிவந்திருந்தால் அடுத்த 10 நாட்களுக்குப் பெட்டியைத் திறக்காதிருப்பதே சிறந்த உதவி. கன்னி இராணி எளிதில் மருண்டு பறந்துவிடும். அது பிற்பகலில் வெளியே சென்று திரும்புகையில் பெட்டி தவறிவிடாதிருக்க, வாயிற்புறங்களை வெவ்வேறு நிறமாகத் தீட்டி, வெவ்வேறு திசை நோக்கி வைத்தல் பயன் தரும்.

முட்டையிடும் இராணியை அளித்தல்

சிறு பெட்டியில் வளர்த்து, முட்டையிடத் தொடங்கிவிட்ட இராணியைக் கொடுப்பதாயின் நேரே உள்ளே விடுதல் கூடாது. அதன் மணம் அக்குடும்பத்திற்கு அயல் மணம். கம்பி வலையாலான சிறு கூண்டில் அதை வைத்து, கூண்டின் வாயைத் தேன் விட்டுப் பிசைந்த பொடிச் சர்க்கரையால் அடைத்து, மாலையில் புழு அடைகளுக்கு நடுவே தொங்கவிடவேண்டும். இராணி அறைகள் யாவும் முன்னரே நீக்கப்பட்டிருக்கவேண்டும்.

மறுநாள் கூண்டைப் பார்க்கவேண்டும். தேனீக்கள் வலையைக் கவ்விக் கடித்து, விரலால் தள்ளினாலும் விலகாமல் மொய்த்திருந்தால் இன்னும் ஏற்கவில்லை என்று பொருள்; மேலும் ஒரு நாள் பொறுத்திருக்கவேண்டும். இலேசாக நடமாடி, வலை வழியே உணவூட்டுவதைக் கண்டால் ஏற்றுக்கொண்டன என்று கொள்ளலாம். அவை சர்க்கரை அடைப்பைத் தின்று தீர்க்க, இராணி தானே வெளிவரும். அவசரப்பட்டு விடுவிக்கப்பட்ட இராணியைத் தேனீக்கள் பந்துபோல் சூழ்ந்து நெருக்கிக் கொல்வதுண்டு. அவ்வாறு கண்டால், அப்பந்தை ஒரு கிண்ண நீரில் இட்டுக் கலைத்து, இராணியை எடுத்து மீண்டும் கூண்டில் வைக்கவேண்டும்.

பிழை நேர்ந்தால்

அறையின் அடியில் ஒற்றை முட்டை நட்டுவைத்ததுபோல் நின்றால் இராணி நிலைபெற்றது. ஓர் அறையில் பல முட்டைகள், அதுவும் சுவரில் ஒட்டியவாறு, சிதறிக் காணப்பட்டால், வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கிவிட்டன என்று அறிக. இந்தியத் தேனீயில் இக்கேடு ஐரோப்பியத் தேனீயைவிட விரைவில் வரும். அம்முட்டைகளிலிருந்து ஆண் தேனீக்களே பிறக்கும். அத்தகைய குடும்பம் புதிய இராணியையும் எளிதில் ஏற்காது. மழையினால் மூன்று வாரம் வரை கூடப்பெறாத இராணியும் பயனற்றதே. இவ்விரு நிலையிலும், எஞ்சிய தேனீக்களை இராணியுள்ள குடும்பத்தோடு இணைத்துவிடுவதே வழி. இராணியுள்ள பெட்டியின்மேல் சில துளைகளிட்ட செய்தித்தாளை விரித்து, அதன்மேல் மற்றதன் அறையை வைத்தால், தாளைக் கடித்துத் தீர்ப்பதற்குள் மணம் ஒன்றிவிடும். பயனற்ற இராணியிருப்பின் அதை முன்னரே நீக்கவேண்டும். பெட்டி ஒன்று குறைந்ததே என்று வருந்தவேண்டாம். வலுவான ஒரு குடும்பம், நலிந்த மூன்றைவிட மிகுதியான தேனைத் தரும்.

சங்கம் செய்யத்தக்கது

பத்துப் பதினைந்து அங்கத்தினர்கள் ஒரே வாரத்தில் பிரிப்பதென்று முடிவு செய்துகொண்டால், நல்ல தாய்க் குடும்பமொன்றில் உண்டாகும் இராணி அறைகளை அனைவரும் பகிர்ந்துகொள்ளலாம். நான்கு பெட்டி வைத்திருக்கும் நெசவாளர் தனியாக இராணி வளர்க்கவேண்டியதில்லை. வளர்ப்பவரிடமிருந்து உரிய நாளில் பெற்றால் போதும். மீந்த இராணிகளைச் சிறு பெட்டிகளில் வைத்திருந்தால், ஒருவருக்கு நேரும் பிழையை மற்றவர் அன்றே திருத்த முடியும். தனியொருவரால் இயலாததைப் பலர் கூடிச் செய்வதன்றோ கூட்டுறவு?

முற்கூறிய அங்கத்தினர் எஞ்சிய நான்கு குடும்பங்களை மறு ஆண்டு எட்டாக மட்டும் பிரித்தார். ஒவ்வொன்றிலும் முட்டை உள்ள அடையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய பின்னரே, ஏட்டில் 8 என்று எழுத என்னை அனுமதித்தார். அவ்வாண்டுத் தேனைக்கொண்டு நிலுவைத் தவணையைக் கட்டினார். அன்று முதல் என் தணிக்கை ஏட்டில் பெட்டி என்னும் பத்திக்கு அருகே இராணி என்று மற்றொரு பத்தியும் இருந்துவருகிறது.

அங்கத்தினர் கூட்டத்தில் ஆராயச் சில வினாக்கள்

1. உங்கள் ஊரில் பெருந்தேன் வரத்து எந்த நாளில் தொடங்குகிறது? அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் பிரிக்கவேண்டிய கடைசி நாள் எது?

2. மூன்றாம் நாளுக்குள் மூடப்பட்ட இராணி அறைகளை ஏன் அழிக்கவேண்டும்?

3. உங்கள் குடும்பங்களுள் எதைத் தாய்க் குடும்பமாகத் தெரிந்தெடுப்பீர்கள்? அதற்குக் காரணங்கள் யாவை?

4. கூண்டிலுள்ள இராணியைத் தேனீக்கள் ஏற்றுக்கொண்டன என்பதை எவ்வாறு அறிவது?

5. இன்று உங்கள் பெட்டிகள் எத்தனை? அவற்றுள் இராணி முட்டையிடுவதை நீங்களே கண்ணால் கண்டவை எத்தனை?